ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றுக்கு எல்28 ஆறு சிலிண்டர்: காசு குறைவா எஞ்சின் கட்டுறது எப்பிடி?

சொமர்செற்52

அண்ணைமாருக்கு வணக்கம். ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் ஒண்டை ஹொட் றொட்டா மாத்துற வேலை நடக்குது. சொமர்செற்றில சசி வேற, பொடி வேற; பிறகு வந்த கேம்பிறிட்ஜ் மாதிரி ரெண்டும் ஒண்டாச் சேர்ந்த கட்டில்லை. அதால சசியைத் தனிய எடுத்துத் துருத் தட்டி, முன் குறுக்குச் சட்டத்துக்குப் புதுத் தகடு ஒட்டி முடிச்சாச்சு. பழைய 1200 சி.சி. எஞ்சினுக்குப் பதிலா நிசான் எல்28 போடப்போறன். பட்ரோல் ஜீப்பில இருந்து கழட்டினது, 86 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின்ர விட்டம்), 79 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்), 2753 சி.சி. கியர்பொக்ஸும் ஸ்ராட்டரும் கூட வந்தது. பிளக் ஓட்டைக்குள்ளால கமரா விட்டுப் பாத்ததில பிஸ்டன் குழிஞ்ச வகை. ரெண்டு தொண்டைக் காபரேற்றர் ஒண்டுதான் இருக்கு.

நிலத்தில வைச்சு, பிளக் ஆறையும் கழட்டி, திறொட்டிலை முழுசாத் திறந்து கொம்பிரசன் பாத்தன். 1 தொடக்கம் 6 வரை: சதுர அங்குலத்துக்கு 140, 135, 145, 90, 85, 140 இறாத்தல். ஒவ்வொண்டுக்கும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திருப்பிப் பாக்க, 1, 2, 3, 6 எல்லாம் 25 இறாத்தல் மட்டில ஏறினது. 4உம் 5உம் அசையேல்லை.

கேள்வி இதுதான். றிங்கும் பெயாரிங்கும் மட்டும் மாத்தினாக் காணுமோ? ஒக்ரேன் 92 பெற்றோலுக்கு எவ்வளவு கொம்பிரசன் விகிதம் வைக்கலாம்? மூண்டு காபரேற்றர் போடுறதில பிரயோசனம் இருக்கோ? டொயோட்டா 1ஜி எஞ்சின் ஒண்டும் விலைக்கு வருது. காசு மட்டுமட்டு, எங்க செலவழிக்கோணும், எங்க மிச்சம் பிடிக்கலாம் எண்டு சொல்லுங்கோ.

போரிங்பட்டறை

தம்பி, 4உம் 5உம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர். ரெண்டும் ஒரே அளவில விழுந்து, எண்ணெய்க்கும் ஏறேல்லை எண்டா அது றிங் இல்லை. நடுவில ஹெட் காஸ்கற் (ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில இருக்கிற அடைப்புத் தகடு) எரிஞ்சு ஒண்டின்ர அமுக்கம் மற்றதுக்குள்ள போகுது. மற்ற நாலும் எண்ணெய்க்கு ஏறினது றிங்கும் போரும் தேஞ்சிருக்கெண்டு சொல்லுது. ஆக வருத்தம் ரெண்டு. காஸ்கற் எரிஞ்ச காரணத்தைப் பிடிக்காமப் புதுசு போட்டா அதே இடத்திலதான் திருப்பியும் எரியும்.

ஹெட்டைக் கழட்டேக்க முன்னுக்கு ரைமிங் கவரையும் ஹெட்டையும் பிடிக்கிற சின்ன 6 மி.மீ. போல்ட் ரெண்டு இருக்கு. கனபேர் அதை மறந்துபோய் ஹெட்டை நெம்பி, கவரை உடைக்கிறவை. ஹெட் போல்ட் ரெண்டு நீளத்தில வரும். ஒரு மட்டையில ஹெட்டின்ர படத்தைக் கீறி, ஓட்டை குத்தி, கழட்டக் கழட்ட அந்தந்த ஓட்டையில செருகி வையுங்கோ. நீளமானது கட்டையின்ர இடத்துக்குப் போனா அடியில முட்டி நிக்கும். ரோர்க் றெஞ்ச் சரியாக் காட்டும், ஆனா காஸ்கற்றில இறுக்கம் இராது.

ஹெட்டைத் திருப்பி வைச்சு நேர்க்கட்டையும் பீலர் கேஜும் வைச்சு நீளப்பாட்டிலும் மூலைக்கு மூலையும் பாருங்கோ. 0.10 மி.மீ. கேஜ் உள்ள போனாச் சீவவேணும். புது ஹெட்டின்ர உயரம் 108 மி.மீ. ஹெட்டிலயும் பிளொக்கிலயும் சேர்த்து 0.20 மி.மீ.க்கு மேல சீவப்படாது. வால்வைத் திறக்கிற கம் ஷாவ்ற் மேல இருக்கிறதால, கூடச் சீவினாச் செயின் தொய்ஞ்சு கம் பிந்தும். கொஞ்சம் பிந்தினதைத் திருத்தக் கம் சக்கரத்தில 1, 2, 3 எண்டு துளை இருக்கு, ஒரு துளை தள்ள 4 பாகை முந்தும். இன்னொரு விசயம்: வளைஞ்ச ஹெட்டின்ர அடியை மட்டும் சீவினா மேல் பக்கம் வளைஞ்சபடியேதான் இருக்கும். றொக்கர் எல்லாத்தையும் எடுத்துப்போட்டுக் கம்மை விரலால சுத்துங்கோ. வழுக்கிக்கொண்டு சுத்தோணும். எங்கயாவது இறுகினா அந்த ஹெட்டை முதல்ல நிமித்தோணும். கம் தாங்கிகளைக் கழட்டவே வேண்டாம், அதுகள் ஹெட்டோட சேர்த்து ஒரே நேரா அறுத்தது.

கீழ்ப்பகுதிக்கு வருவம். றிங் மட்டும் போதுமோ எண்டதைப் போர் கேஜ்தான் சொல்லும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல, நடு, கீழ எண்டு மூண்டு உயரத்தில, ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கும் நெடுக்கும் ரெண்டு அளவு எடுங்கோ. மொத்தம் 36 இலக்கம், கடதாசியில எழுதுங்கோ. கம்பனி சொல்லுற தேய்மான எல்லை 0.20 மி.மீ. ஆனா மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.10ஐத் தாண்டினா நான் புது றிங் போடச் சொல்லமாட்டன். பிஸ்டன் ஏறி இறங்கிற ஒவ்வொரு தடவையும் றிங் விரிஞ்சு சுருங்கும். காடிக்குள்ள தட்டுப்பட்டு, கொஞ்ச நாளில பழையபடி புகைக்கும். காஸ்கற் செற், கூலி எல்லாம் அப்ப ரெண்டாந்தரம்.

போர் பண்ணுறதெண்டா முதல்ல பிஸ்டன், பிறகு போர். 0.50 கூடின பிஸ்டன் செற் கையில வந்தாப் பிறகு ஆறையும் மைக்ரோமீற்றரால அளந்து, எந்தப் பிஸ்டன் எந்தத் துளைக்கெண்டு இலக்கம் போட்டுத்தான் பட்டறைக்குக் குடுக்கோணும். அளக்கிறது பிஸ்டனைக் கொனெக்ரிங் றொட்டோட கொழுவுற பின்னுக்குச் செங்குத்தா, பிஸ்டனின்ர கீழ்ப் பாவாடைப் பக்கம். இடைவெளி 0.025 தொடக்கம் 0.045 மி.மீ. வரை. "86.50க்கு அடிச்சுத் தாங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வராதேங்கோ, பிஸ்டனும் கூடக் குடுங்கோ.

றிங் இடைவெளியை ஒவ்வொண்டாப் பாருங்கோ. றிங்கைத் துளைக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு ஒரு அங்குலம் தள்ளினா நேரா இருக்கும். மேல் றிங் 0.30 – 0.35 மி.மீ., ரெண்டாவது அதைவிடக் கொஞ்சம் கூட. குறைவெண்டா மெல்லிய அரத்தால ஒரு முனையை மட்டும் அராவுங்கோ. இடைவெளி காணாட்டி எஞ்சின் சூடேற முனை ரெண்டும் முட்டி, போரைக் கீறி, பிஸ்டன் காடியையும் உடைக்கும்.

போர் முடிஞ்சு வந்தா பெற்றோலால கழுவிறது கழுவலே இல்லை. கல்லுத்தூள் இரும்பின்ர கீறலுக்குள்ளயே நிக்கும். சுடுதண்ணி, சலவைத்தூள், பிறஸ். வெள்ளைத் துணியில எண்ணெய் தொட்டுத் துடைச்சா சாம்பல் நிறம் வராத அளவுக்குத் தேயுங்கோ. எங்கட உப்புக் காத்துக்குக் கழுவின போர் கண்ணுக்கு முன்னாலயே செம்மஞ்சளா மாறும், அதால காய்ஞ்ச உடன எண்ணெய் பூசிப் பொலித்தீனால மூடிவிடுங்கோ.

கிராங்கில மெயின் (பிளொக்கில சுத்திற கழுத்து) 54.942 – 54.955 மி.மீ., பிக் எண்ட் (கொனெக்ரிங் றொட் பிடிக்கிற கழுத்து) 49.961 – 49.974 மி.மீ. நகத்தைக் குறுக்கால இழுத்தா எங்கயும் தடக்கப்படாது. அளவு இருந்தாப் பொலிஷ் காணும், அதில காசு மிச்சம். இல்லாட்டி 0.25 அரைச்சு அதுக்கேத்த பெயாரிங். பிளாஸ்ரிகேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைச்சு 0.03 – 0.06 மி.மீ. வருதோ எண்டு பாத்திட்டுத்தான் பூட்டோணும். மெயின் கப் 33 – 40 அடி இறாத்தல், 9 மி.மீ. போல்ட் உள்ள கொனெக்ரிங் றொட்டுக்கும் அதே இறுக்கம். பின் மெயின் கப்பின்ர ரெண்டு பக்கமும் போற நீட்டு றப்பர் சீலை மறந்தா, எஞ்சின் காரில ஏறின பிறகு ஒயில் ஒழுகும். அதுக்காகத் திருப்பி இறக்கவேண்டி வரும்.

சொமர்செற்52

அண்ணை, மிச்சம் நன்றி. ஹெட்டைக் கழட்டியாச்சு. நீங்கள் சொன்னபடி 4க்கும் 5க்கும் நடுவில காஸ்கற்றில பென்சில் அகலத்துக்குக் கறுத்த பாதை. ஹெட் வளைவு 0.08. போர் ஆகக்கூடத் தேஞ்சது 2ஆவது: மேல 86.17, கீழ 86.04. கிராங் அளவுக்குள்ள இருக்கு. ஹெட்டில என்42 எண்டு வார்ப்பெழுத்து. தட்டைப் பிஸ்டன் செற் ஒண்டும் குழிஞ்ச செற் ஒண்டும் கிடைக்கும், விலை ஒண்டுதான். தட்டையைப் போட்டா வலு கூடும் எண்டு சொல்லுகினம்?

வால்வ்இடைவெளி

அண்ணை, தட்டைப் பிஸ்டனை வாங்க முதல் கணக்கைப் பாருங்கோ.

86.50 போருக்கு ஒரு சிலிண்டர் 464 சி.சி. (ஆறும் சேர 2785). என்42 ஹெட்டின்ர அறை 44.6 சி.சி., குழிஞ்ச பிஸ்டனின்ர குழி 10.9, 1.2 மி.மீ. காஸ்கற் 7.1. மொத்தம் 62.6. 464ஐயும் 62.6ஐயும் கூட்டி 62.6ஆல பிரிக்க 8.4. தட்டைப் பிஸ்டனில குழி இல்லை, அதோட கம்பனித் தட்டைப் பிஸ்டன் பிளொக்குக்கு மேல அரை மி.மீ.க்குக் கொஞ்சம் கூட வெளியில நிக்கும், அது இன்னும் 3.5 சி.சி.யைத் தின்னும். மிச்சம் 48.2 சி.சி., விகிதம் 10.6. என்42இன்ர திறந்த அறைக்கு, எங்கட வெய்யிலுக்கு, 92 பெற்றோலில அது நொக் அடிக்கும் (பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிச்சுத் தட்டும்). 95 போட்டாலும் தீப்பொறி ரைமிங்கைப் பின்னுக்கு இழுக்கத்தான் வேணும், அப்ப ஏத்தின வலு போயிடும். குழிஞ்ச செற்றை வாங்குங்கோ. 8.4 எண்டது 92க்குச் சோலியில்லாத இடம்.

இந்தக் கணக்கில இருக்கிற அறை அளவு புது ஹெட்டின்ரது. உங்கட ஹெட் முந்திச் சீவுப்பட்டிருக்கலாம். வால்வும் பிளக்கும் போட்டபடி ஹெட்டைத் திருப்பி, அறையின்ர விளிம்பில கிறீஸ் பூசி, துளை போட்ட பிளாஸ்டிக் கண்ணாடியை ஒட்டி, ஊசி சிறிஞ்சால மண்ணெண்ணெய் விட்டு அளவுங்கோ. ஆறு அறைக்கும் இடையில ஒரு சி.சி.க்கு மேல வித்தியாசம் வந்தா வால்வ் இருக்கையைப் பாக்கோணும். அதே மண்ணெண்ணெய் வால்வால கசிஞ்சு இன்ரேக், எக்ஸோஸ்ற் வழிக்குள்ள வருதோ எண்டும் தெரியும், ஒரே வேலையில ரெண்டு சோதனை.

0.08 வளைவு எல்லைக்குள்ளதான், ஆனா எரிஞ்ச காஸ்கற் கிடந்த முகம் எண்டதால 0.10 மட்டும் சீவி எடுங்கோ. பிளொக்கின்ர மேல் முகத்தைத் தொடவேணுமெண்டா ரைமிங் கவரைப் பூட்டிச் சேர்த்துத்தான் சீவோணும், இல்லாட்டிக் கவர் உயந்து நிண்டு முன் மூலையில ஒயில் வரும். போல்ட் துளைக்குள்ள கிடக்கிற எண்ணெயையும் தண்ணியையும் காத்தால ஊதி எடுங்கோ. திரவம் நிண்டா போல்ட் இறங்கேக்க பிளொக் வெடிக்கும். இறுக்கிறது நடுவில தொடங்கி வெளியால, 30, 45, 60 அடி இறாத்தல் எண்டு மூண்டு சுற்று.

கம்மும் றொக்கரும் ஒண்டோட ஒண்டு தேஞ்சு பழகினதுகள். 12 றொக்கரையும் முட்டைத் தட்டில இலக்கம் போட்டு வையுங்கோ, இடம் மாறினாக் கம் முனை உரிஞ்சுபோகும். புதுக் கம் வேண்டாம். அதுக்கு றொக்கர் முகம் அரைக்கோணும், தடிப்பு மாறின பாட் (றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில வாற துண்டு) தேடோணும், செலவு அங்கதான் கூடும். பூட்டேக்க கம்முக்கு மொலிப்டினம் பசை பூசுங்கோ. வால்வ் இடைவெளி குளிரில இன்ரேக் 0.20, எக்ஸோஸ்ற் 0.25, சூட்டில 0.25, 0.30.

ஒயில் பம்ப் இனித்தான் கனபேர் பிழை விடுற இடம். 1ஆவது சிலிண்டர் கொம்பிரசன் மேல்முனையில நிக்க, பம்பின்ர தண்டைக் கீழால ஏத்தினா, டிஸ்ரிபியூற்றர் துளைக்குள்ளால பாக்கேக்க தண்டின்ர மேல் நுனியில இருக்கிற நாக்கு மணிக்கூட்டில 11:25 நேரம் மாதிரி நிக்கோணும், சின்னப் பிறை முன்னுக்கு. ஒரு பல்லு மாறினா டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு திருப்பினாலும் ரைமிங் வராது. பூட்ட முதல் பம்புக்குள்ள எண்ணெய் நிரப்புங்கோ. முதல் ஸ்ராட்டுக்கு முன்னம் பிளக் எல்லாம் கழட்டி, ஒயில் கேஜ் ஏறுமட்டும் ஸ்ராட்டரால சுத்துங்கோ, 10 விநாடி சுத்தி ஒரு நிமிசம் ஆறவிட்டு.

போரிங்பட்டறை

வால்வ்இடைவெளி சொன்னது முழுக்கச் சரி. 0.13 வித்தியாசத்துக்கு 0.50 போர் கட்டாயம், தம்பி.

ஒண்டு கூட்டிறன். இப்ப எல்லாம் கழட்டியிருக்கிறதால பிரச்சினையில்லை, ஆனா பிறகொருநாள் ஹெட்டை மட்டும் எடுக்கவேண்டி வந்தா, கம் சக்கரத்தைக் கழட்ட முதல் செயினின்ர ரெண்டு பக்கத்துக்கும் நடுவில மரத்துண்டு அடிச்சு, செயினை இறுக்கிற ரென்ஷனரைப் பிடிச்சு வைக்கோணும். இல்லாட்டி ரென்ஷனர் தண்டு வெளியில பாய்ஞ்சிடும், பிறகு முன் கவர் முழுக்கக் கழட்டோணும். 9 அங்குல நீளம், கீழ ஒடுங்கின ஆப்பு. தலையில துளை போட்டுக் கம்பி கட்டினா இழுத்தெடுக்கலாம். பனஞ்சிலாகையில செய்யாதேங்கோ, நார் உரிஞ்சு செயினுக்குள்ள போகும். தேக்கு நல்லது. இப்பவே செய்து காரில போட்டு வையுங்கோ.

றேடியேற்றர்வேலை

காஸ்கற் ஏன் எரிஞ்சதெண்டு பின் பக்கத்துத் தண்ணி அறையில பாத்தால் தெரியும் எண்டு நினைக்கிறன். பிளொக்கின்ர தண்ணி அறையை மூடியிருக்கிற வெல்ஷ் பிளக் எல்லாத்தையும் அடிச்செடுங்கோ. தண்ணி முன்னால வந்து பின்னால கடைசியாப் போறதால, சேறும் துருவும் 5, 6 பக்கம்தான் அடியில இறுகிக் கிடக்கும். இரும்புக் கம்பியால கிண்டி, ஹோஸால அடிச்சு, தெளிஞ்ச தண்ணி வருமட்டும் கழுவுங்கோ. போர் பண்ணக் குடுக்க முதல் இதைச் செய்யோணும், பிறகு செய்தாச் சேறு புதுப் போருக்குள்ள வரும்.

எங்கட யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலின்ர அடியில வெள்ளையாப் படியிறது உங்களுக்குத் தெரியும். அதேதான் றேடியேற்றர் குழாயுக்குள்ளயும் சிலிண்டர் சுவரிலும் படியும். கிணத்துத் தண்ணி ஒரு சொட்டும் விடவேண்டாம். கூலன்றும் வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி. வடிச்ச தண்ணி கிடைக்காட்டி ஓட்டில விழாம நேராப் பிடிச்ச மழைத்தண்ணி.

தேமோஸ்ராற்றைக் கழட்டி எறியிற பழக்கம் இஞ்ச கன கராஜில இருக்கு. கழட்டினா எஞ்சின் சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெற்றோல் போர் சுவரைக் கழுவி ஒயிலுக்குள்ள இறங்கும், புது றிங் பதியாது. நிசான் வெப்ப நாடுகளுக்கெண்டே 76.5 பாகை தேமோஸ்ராற் குறிச்சிருக்கு, அதைப் போடுங்கோ. சொமர்செற்றின்ர சொந்த றேடியேற்றர் 1200 சி.சி.க்கு அளந்தது, இதுக்கு ஆகாது. சின்ன லொறி ஒண்டின்ர மூண்டு வரிசைச் செம்பு றேடியேற்றர், 0.9 கிலோ மூடி, விசிறிக்குச் சுத்திவரத் தகட்டுக் கூடு. கூடு இல்லாட்டி விசிறி நடுவில ஒரு வட்டத்தைத்தான் குளிர்த்தும், காங்கேசன்துறை வீதி நெரிசலில பத்து நிமிசம் நிண்டா முள் ஏறும்.

வால்வ்இடைவெளி

காபரேற்றர் கேள்விக்கு இன்னும் மறுமொழி வரேல்லை. மூண்டு காபரேற்றர் இந்தச் செலவுக்குள்ள அடங்காது, மூண்டையும் ஒரே சீரா வைக்கிற வேலையும் முடியாது. இருக்கிற ரெண்டு தொண்டையோட ஓடவிடுங்கோ. அதின்ர திறொட்டில் தண்டு ஆடினா அங்கால காத்து இழுக்கும், ஐட்லிங் நிக்காது. தண்டுக்குப் புஷ் போடுறது எந்த லேத்திலும் முடியும். பிறகு ஆசைப்பட்டா எஸ்.யூ. காபரேற்றர் ரெண்டு போடலாம், ஆனா 1¾ அங்குலமா இருக்கோணும். மொறிஸ் மைனரில வாற 1¼ இதுக்கு மூச்சடைக்கும்.

இந்த ஹெட்டில இன்ரேக்கும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம், இடப்பக்கம். வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள எங்கட காருக்கு எக்ஸோஸ்ற் குழாய் ஸ்ரியறிங் பெட்டியில முட்டாது எண்டது நல்லது. ஆனா ஸ்ராட்டரும் ஒயில் பில்ட்டரும் வலப்பக்கம், எஞ்சின் தாங்கி ஒட்ட முதல் பில்ட்டரைக் கழட்ட இடமிருக்கோ எண்டு பாருங்கோ. மற்றது, காபரேற்றர் சூட்டுக் குழாய்க்கு மேல இருக்கிறதால மத்தியானம் நிப்பாட்டித் திருப்பி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் கொதிச்சு நிக்கும். நடுவில அலுமினியத் தகடு ஒண்டு கட்டாயம், பெற்றோல் குழாயும் எக்ஸோஸ்ற்றுக்கு எட்டத்தால போகோணும்.

தீ வரிசை 1-5-3-6-2-4, றோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். தீப்பொறி ரைமிங் ஐட்லிங்கில 10 பாகை, 3000 சுற்றில மொத்தம் 34க்கு மேல போகவேண்டாம்.

1ஜி பற்றி: 1ஜி-எஃப்இ 75க்கு 75, 1988 சி.சி., 24 வால்வ், ரைமிங் பெல்ட், இன்ஜெக்ஷன். நல்ல எஞ்சின், வலுவும் காணும். ஆனா கொம்பியூட்டரும் வயர்க்கட்டும் அறுக்காம முழுசா வந்தாத்தான் மலிவு. வயரை வெட்டி விக்கிற எஞ்சினை எடுத்தா மிச்சம் பிடிச்ச காசு வயருக்குப் போகும். நீங்கள் ஏற்கெனவே எல்28ஐப் பிரிச்சிட்டியள், அதையே முடியுங்கோ.

போரிங்பட்டறை

பெற்றோல் தாங்கியையும் மறக்காதேங்கோ. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில ஓடின கார் எண்டாத் தாங்கியின்ர அடியில பிசின் மாதிரிப் படை இருக்கும். புதுப் பெற்றோல் அதைக் கரைச்சுக் காபரேற்றர் ஜெற்றுக்கு அனுப்பும். தாங்கியை இறக்கி, ஒரு கை சின்ன நட்டுகளும் தின்னரும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கோ. தாங்கியில பத்தவைக்கிற ஒட்டு வேலை ஏதும் இருந்தா, கழுவிச் சுடுதண்ணி நிரப்பாமக் கிட்டப் போகவேண்டாம்.

எஞ்சின் நம்பர் மாறுறதால மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அறிவிச்சுப் பதிவுப் புத்தகத்தில மாத்தோணும். எஞ்சின் வாங்கின பற்றுச்சீட்டில நம்பர் எழுதியிருக்கோ எண்டு இப்பவே பாருங்கோ, இல்லாட்டி வித்தவரிட்ட எழுதி வாங்குங்கோ. பிறேக்கும் பின் அக்ஸிலும் 1200 சி.சி.க்குச் செய்ததுகள், அதை மாத்தாம இந்த எஞ்சினை றோட்டில ஏத்தவே வேண்டாம். அதுக்கு வேற இழை தொடங்குங்கோ, விவரமா எழுதிறன்.

ஓடத் தொடங்கினா ஐட்லிங்கில விட்டு ரசிக்காதேங்கோ. றிங் பதியச் சுமை வேணும். சூடேறினதும் றோட்டில எடுத்து, மூண்டாம் கியரில மிதிச்சு, விட்டு, திருப்பி மிதிச்சு ஒரு 30 கிலோமீற்றர். ஒயில் டீசல் எஞ்சினுக்கு வாற 15-40, அதில கம்முக்குத் தேவையான துத்தநாகம் இருக்கு. எவ்வளவு எண்டதை ஒயில் குச்சியைப் பாத்து விடுங்கோ, ஜீப் சம்பின்ர கொள்ளளவு கார்ச் சம்புக்குச் சரிவராது. 500 கிலோமீற்றரில ஒயிலும் பில்ட்டரும் மாத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்க ஹெட் போல்ட்டை ஒவ்வொண்டாக் கால் சுற்று இளக்கித் திருப்பி 60க்கு இறுக்கி, வால்வ் இடைவெளியை இன்னொருக்காப் பாருங்கோ. பழைய பில்ட்டரை வெட்டி விரிச்சு மடிப்புக்குள்ள காந்தம் வையுங்கோ. கறுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டினாச் சரி. செம்பு நிறத்தில மினுங்கினா எஞ்சினை ஸ்ராட் பண்ணாம இஞ்ச படத்தைப் போடுங்கோ.